பெரிய கொட்டகையும் எழுதாத கணக்கும்

மதுரை தங்கம் தியேட்டர் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஓர் எண்: 2,563 இருக்கைகள். அதை ஒட்டியே ‘ஆசியாவிலேயே பெரிசு’ என்பதும் வந்துவிடும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த அரங்கு அது. தொண்ணூறுகளில் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். அந்த மனையில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது.

‘ஆசியாவிலேயே’ என்ற பட்டத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. டோக்கியோவில் 1933-இல் திறந்த நிச்சிகேகி அரங்கு ஏறக்குறைய 4,000 பேரைக் கொண்டது. இதைச் சொன்னால் மதுரைக்காரர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். தங்கத்தின் பெருமைக்கு டோக்கியோவால் குறைவு வந்துவிடாது. என் கவலை வேறு. தமிழில் தியேட்டர் வரலாறு என்று இருப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பட்டங்களும் நூறு நாள் பட்டியல்களும்தான். டிக்கெட் கணக்கு, சம்பளப் புத்தகம், லைசென்ஸுக்காகப் போட்ட வரைபடம் இவற்றிலிருந்து எழுதியது மிகக் குறைவு.

எழுதியவர்களையும் பார்ப்போம். தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் 1981-இல் வந்தது. 1927-இல் ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியங்களைத் தமிழ்ச் சினிமா ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். மௌனப்பட காலத்துச் சென்னைக் கொட்டகைகளையும் அங்கே கூடியவர்களையும் ஸ்டீஃபன் ஹ்யூஸ் நுணுக்கமாக ஆராய்ந்தார். சாரா டிக்கி 1993-இல் வெளியிட்ட நூல், மதுரையின் ஏழைக் குடும்பங்களோடு பழகி அவர்கள் சினிமா பார்க்கும் விதத்தை எழுதியது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த தகவல்கள் இல்லாமல் இத்துறையில் யாரும் ஓரடி வைக்க முடியாது. ஆனால் அவருடைய கவனம் படங்கள் மேல், கட்டடங்கள் மேல் அல்ல. கட்டடங்களைக் கவனித்தவர்கள் ஹவுபிட்ஸ், ஸோகே என்ற இரு ஜெர்மன் புகைப்படக் கலைஞர்கள். தென்னிந்தியத் தியேட்டர்களின் முகப்புகளை அவர்கள் எடுத்த படங்கள் 2016-இல் நூலாயின. அழகான படங்கள், ஆனால் பெரும்பாலும் ஆளில்லாதவை.

இவற்றுக்கெல்லாம் அடியில் கா. சிவத்தம்பி 1981-இல் சொன்ன கருத்து ஒன்று ஓடுகிறது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை. அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்றார். அடிப்படையில் சரி. ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கூரை ஒன்றுதான், வாசல்கள் பல. தரை டிக்கெட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் கம்பிக் கூண்டு வரிசை, பால்கனிக்குத் தனிப் படிக்கட்டு. பல கொட்டகைகளில் பெண்களுக்குத் தனித் தடுப்பு இருந்தது. இடைவேளையில் சோடா கலர் வாங்கும் இடம்கூட வகுப்புக்கு வகுப்பு வேறாக இருந்தது. பால்கனிக்காரரும் தரைக்காரரும் ஒரே வசனத்துக்குக் கைதட்டினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே. இழந்த அரங்குகளைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகளில் பளிங்குப் படியும் வெல்வெட் திரையும் வரும். கம்பிக் கூண்டு வராது.

இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள் என்ற கேள்விக்கும் விடை கணக்கில்தான் கிடைக்கும். பிரிண்ட் போடும் செலவு அதிகம், பிரதிகள் குறைவு. ஒரு நகரத்துக்குப் புதுப்படம் பெரும்பாலும் ஒரு தியேட்டரில்தான் வரும்; சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு அங்கே வருவார்கள். 2,500 பேர் கொள்ளும் கூடம் நூறு நாள் ஓடினால்தான் அந்தக் கூட்டம் தீரும். பிறகு தொலைக்காட்சியும் வீடியோவும் வந்தன. பல பிரிண்ட் போட்டு ஒரே நாளில் ஊரெல்லாம் ரிலீஸ் செய்து, முதல் வாரத்திலேயே முதலை எடுக்கும் வழக்கமும் வந்தது. அன்றிலிருந்து பெரிய கூடம் சுமை. மனையோ நகரத்தின் நடுவில். சென்னையில் 1964-இல் ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகளாக எழுந்த சபையர் போனது. அதிலிருந்த ப்ளூ டைமண்ட் அரங்கில் எந்த நேரமும் டிக்கெட் வாங்கி நுழைய முடிந்தது. 1961-இல் திறந்த சாந்தி 2016-இல் மூடியது. 1913-இன் எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் அண்ணா சாலையில் அஞ்சல் துறையின் கையில் நிற்கிறது. நகரத்தின் சிறிய கிழவி பிழைத்துக்கொண்டாள்.

இடித்தது நாம் மட்டுமல்ல. நியூயார்க்கின் ராக்ஸி தியேட்டர் 1927-இல் திறந்தது. ஏறக்குறைய 6,000 இருக்கை. 1960-இல் அதை இடித்தார்கள். அடுத்த ஆண்டே பென் ஹால் அத்தகைய அரங்குகளைப் பற்றி நூல் எழுதினார். 1969-இல் அவர் தொடங்கிய சங்கம் பழைய அரங்குகளின் ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியது. நம்மிடம் இடிந்த கொட்டகையின் பில் புத்தகம் பழைய பேப்பர்க்காரரிடம் போகிறது.

காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடியிலிருந்து பார்த்தால் இந்தத் துறையின் இன்னொரு ஓட்டை தெரியும். எழுதப்பட்டதில் பெரும்பங்கு சென்னை. மிச்சம் மதுரை, கோவை. ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் படம் காட்டும் கருவியை வாங்கியது துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்த காரைக்காலில் படம் காட்டியது எப்படி என்று யார் எழுதினார்கள்? ரங்காச்சாரியார் குழு விசாரித்தது பிரிட்டிஷ் இந்தியாவை. 1954 நவம்பர் வரை காரைக்கால் வேறு கொடியின்கீழ் இருந்தது. இன்றும் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. லைசென்ஸும் கேளிக்கை வரியும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. ஒரே பேச்சு, ஒரே படம், இரண்டு சட்டம். பெருநகர அரங்கைவிட இந்த எல்லைக் கொட்டகைகளில்தான் ஆய்வாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சரக்கு அதிகம் என்பது என் எண்ணம்.

ஆட்கள் விஷயத்தில் ஆய்வைவிடச் சினிமாவே முந்திக்கொண்டது. வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) தியேட்டரிலேயே வளர்ந்து ஆபரேட்டரான ஒருவனையும், அந்தத் தியேட்டர் போன பிறகு அவன் நிலையையும் காட்டியது. கார்பன் குச்சி எரியும் வெளிச்சத்தை விடாமல் சரிசெய்துகொண்டு, ரீல் மாறும் நொடிக்குக் காத்திருந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. டிஜிட்டல் வந்ததும் அவர்கள் வேலை போயிற்று. கேட்டால் சொல்வார்கள்: எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், வரிக்கு எவ்வளவு கணக்குக் காட்டினார்கள், படப்பெட்டி எந்த பஸ்ஸில் வந்தது. பதிவுக் கருவியோடு போய் உட்கார ஆள்தான் வேண்டும்.