சிவப்புக் கோடும் வட்டார வழக்கும்: விளிம்புநிலை இளையோருக்கான தமிழ் எழுதுமென்பொருள்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் கைகளில் கணினியைச் சேர்த்தது. விசைப்பலகைச் சிக்கல் அதற்கு முன்பே பெரிதும் தீர்ந்திருந்தது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் ங, க என அடுத்தடுத்துத் தட்டினால் புள்ளி தானே விழும். எழுத்தை உள்ளிடுவதில் காட்டப்பட்ட இந்த நுட்பம், எழுதத் தயங்கும் பதின்வயதினரைப் புனைவெழுத்துக்குக் கொண்டுவருவதில் காட்டப்படவில்லை.

தயக்கத்தின் ஊற்று பெரிதும் மொழிவழக்கில் உள்ளது. மதுரை கோரிப்பாளையம், செல்லூர்ப் பகுதிகளில் கூலித்தொழிலாளர் குடும்பத்தில் வளரும் மாணவர் ஒருவர் ‘வந்தாய்ங்க’, ‘சொன்னாய்ங்க’ என்றே கதை சொல்வார். பிழைதிருத்தி இணைந்த சொற்செயலியில் அவ்வாறே தட்டினால் சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு தோன்றும். அடிச்சொற் பட்டியலையும் விகுதி விதிகளையும் கொண்டு இயங்கும் திருத்திக்கு ‘ஆய்ங்க’ என்னும் விகுதி தெரியாது. தெரியாத சொல்லையும் பிழையான சொல்லையும் அது ஒன்றாகவே காட்டும். வீட்டுப் பேச்சு எழுத்துக்கு ஆகாது என வகுப்பறையில் முன்பே கேட்ட மாணவர்க்கு அக்கோடு அதே தீர்ப்பை மறுமுறை வழங்குகிறது.

இத்தீர்ப்புக்குத் தமிழ் மரபின் துணை இல்லை. தொல்காப்பிய எச்சவியல் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தது. 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ பேச்சுவழக்கிலேயே தன்னை நிறுத்திக்கொண்டது. அதன் ஆசிரியர் ஒவ்வொரு வரியிலும் கோடு கண்டு ‘வந்தார்கள்’ எனத் திருத்தியிருந்தால் எஞ்சியிருக்கக்கூடிய நூல் எது என்பதை வடிவமைப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுத்தேர்வு எழுத்துவழக்கையே கேட்கிறது, ஆதலின் திருத்தம் தேவை என்பர். தேவைதான், அது எப்போது வர வேண்டும் என்பதே வினா. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி ஆகிய திருத்திகள் இவ்வகையில் கருதத்தக்கவை. எழுதியவரே தம் பனுவலை இட்டுக் கேட்ட பின்னரே அவை பிழை சுட்டுகின்றன. (கேளாமல் வரும் அறிவுரையை எந்த வயதினரும் விரும்புவதில்லை.) வரைவின்போது வாய்மூடியிருக்கும் மென்பொருளே புனைவெழுத்துக்கு உகந்தது. கதைமாந்தர் பேச்சுக்குள் வரும் சொற்களை அது பின்னரும் தொடாதிருத்தல் நன்று.

கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் இத்தகைய மென்பொருளின் சொற்பட்டியலுக்கு ஆயத்தமான மூலங்கள். சொற்செயலிகளில் உள்ள ‘அகராதியில் சேர்’ வசதி இவற்றுக்கு ஈடாகாது. அவ்வாறு சேர்க்கும் சொல் பொதுவாக அந்த ஒரு கணினியிலேயே தங்கும். பள்ளி ஆய்வகத்தில் அடுத்த வாரம் மாணவர்க்குக் கிடைப்பதோ வேறொரு கணினி. சொற்கள் மாணவரின் பயனர் கணக்கோடு செல்லுமாறும், பல பள்ளிகளில் ஒரே சொல் சேர்க்கப்படும்போது அகராதியியலாளரின் பார்வைக்கு எட்டுமாறும் அமைப்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று.