அலுமினியத்தின் தோல்

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்குபவரின் கையில் வெள்ளியாக ஒட்டும் அலுமினியப் பவுடரை நான் வியந்து பார்ப்பதுண்டு. ஒவ்வொரு துகளையும் ஓர் ஆக்சைடுத் தோல் மூடியிருக்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். காற்றுப் பட்டதும் தானே வளர்ந்து, தானே நின்றுவிடும். என்ன நேர்த்தி! உள்ளிருக்கும் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தோலோ 2,000 டிகிரி தாண்டியும் தாங்கும். அது இல்லாவிட்டால் மிக நுண்ணிய பவுடர் காற்றிலேயே பற்றிக்கொள்ளும்.

இந்த அலுமினியத்தோடு வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த பட்டாசுக் கலவையை நானோ அளவிலும் சோதித்திருக்கிறார்கள் சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி ஆய்வாளர்கள். துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். கலவை இன்னும் எளிதில் பற்றும். மருந்து அறையில் நிற்பவருக்கு இதைவிட அவசியமான ஆய்வு வேறில்லை என்பேன்.