தராசு அறியாத நேரம்

நம் நாட்டைப் பிற நாட்டாருக்கு அறிமுகம் செய்யும் படங்கள் இரண்டு உண்டு. ஒன்றில், பச்சைப் பசேலென்ற மலைச்சரிவில், முதுகிலே கூடை தாங்கிய பெண்ணொருத்தி கொழுந்தின் மேல் கை வைத்தபடி புன்னகை செய்கிறாள். மற்றதில், விமானத்தின் வாயிலில் சேலை உடுத்த பெண்ணொருத்தி கைகூப்பி நின்று புன்னகை செய்கிறாள். முன்னவள் தேயிலைப் பெட்டியை விற்கிறாள். பின்னவள் பயணச் சீட்டை விற்கிறாள். இரு படங்களிலும் உழைக்கும் பெண் இருக்கிறாள். ஆனால் அவள் எந்நேரம் எழுந்தாள், எத்தனை மணி நேரம் நின்றாள், அந்த நேரத்தில் எவ்வளவுக்குக் கூலி பெற்றாள் என்ற செய்தி எந்தப் படத்திலும் இல்லை.

விளம்பரக்காரனிடம் இதை எதிர்பார்ப்பது பேதைமை. ஆனால் இலக்கியத்திடம் எதிர்பார்க்கலாம் அல்லவா? உழைப்பாளியின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக் கொள்ளும் நம் எழுத்து, அவளுடைய நேரத்தையும் கூலியையும் எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறது? இக்கேள்வியை நாம் திம்புள்ள மலைகளில் நின்று எழுப்ப விரும்புகிறோம். ஆயினும் சற்றுத் தொலைவிலிருந்து, ஆகாயத்திலிருந்தே, தொடங்குவோம். தூரத்துப் பொருளை அளந்த கண்ணுக்குப் பக்கத்துப் பொருள் தெளிவாகத் தெரியும்.

விமானப் பணிப்பெண்ணின் சம்பளம் பெரிது, வாழ்வு சொகுசானது என்பது பொதுவான எண்ணம். அவள் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். வட அமெரிக்காவில் நெடுங்காலமாக நிலவிய முறைப்படி, விமானம் தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்கும்பொழுதுதான் அவளுடைய கூலி மணிக்கூடும் ஓடத் தொடங்கும். சேருமிடத்தில் விமானம் நின்றதும் அது நின்றுவிடும். அதற்கு முன் அவள் நிலையத்துக்கு வந்து சேர்ந்த நேரம், பாதுகாப்புச் சோதனை செய்த நேரம், பயணிகளை ஏற்றி அமர்த்திய நேரம், புறப்பாடு தாமதமானால் காத்திருந்த நேரம் யாவும் கூலிக் கணக்கில் சேரா. வேறு பல நாடுகளில் ஒரு சிறு மாதச் சம்பளமும், அதன் மேல் பறந்த மணிக்கு இவ்வளவு என்ற படியும் தருகிறார்கள். அங்கும் வருவாயின் கணிசமான பகுதி, அடுத்த மாத வேலைப் பட்டியலை எழுதுகிறவன் கையில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. களைப்பினால் விபத்து நேராதிருக்க ஐரோப்பாவில் விதிக்கப்பட்டுள்ள வரம்புகளில், 28 நாட்களில் பறக்கும் நேரம் 100 மணிக்கு மேற்படலாகாது என்று ஒரு விதியும், அதே 28 நாட்களில் கடமை நேரம் 190 மணிக்கு மேற்படலாகாது என்று மற்றொரு விதியும் இருக்கின்றன. அதாவது, பறக்கும் நேரம் வேறு, உழைக்கும் நேரம் வேறு. பின்னது முன்னதைவிட இரு மடங்கு வரையிலும் நீளக்கூடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. உடம்பு களைக்கும் என்பதற்காக எண்ணப்படும் நேரம், கூலி என்று வரும்போது மட்டும் ஏன் எண்ணப்படுவதில்லை?

இக்கேள்வியைத்தான் 2025 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஏர் கனடாவின் பணியாளர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தமாக எழுப்பினார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழிவதற்குள் அரசாங்கம் தலையிட்டு, வேலைக்குத் திரும்பச் செய்ய முனைந்தது. அவர்கள் பணியவில்லை. 19ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. விமானம் தரையில் நிற்கும் நேரத்து உழைப்புக்கும் கூலி உண்டு என்பது அதில் ஏற்கப்பட்டது. ஆயினும் முழுக் கூலியன்று. சம்பளப் பகுதியை மட்டும் தனியே வாக்குக்கு விட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அதை நிராகரித்தார்கள். அமெரிக்காவின் டெல்ரா நிறுவனம் 2022இல் பயணிகளை ஏற்றும் நேரத்துக்கு அரைக் கூலி கொடுக்கத் தொடங்கியிருந்தது. அரைக் கூலி! முழு உழைப்புக்குப் பாதிப் பெயர். இச்சொல் திம்புள்ளையில் ஒலித்தால் அங்குள்ளோர் வியப்படைய மாட்டார்கள். ‘அரைப் பேர்’ என்ற சொல் அவர்களுடைய லயங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வருகிறது.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பத்தனை, கொட்டகலை என்று நீளும் இப்பிரதேசம், கோப்பியை நோய் அழித்த பின் தேயிலைக்கு மாறிய நிலம். ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் குளிர்ந்த வறண்ட காற்றில் விளையும் இதன் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அக்கொழுந்தைக் கொய்பவளின் நாள் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

ஏட்டில் அவளுக்கும் உணவு நேரம் நீங்கலாக எட்டு மணி நேர வேலைநாள் உண்டு. ஆனால் செக்றோலில் விழுவது மணி அன்று, ‘பேர்’. அந்தப் பேர் முழுப் பேராக விழ வேண்டுமானால், தோட்டம் விதித்த நிறையை அவள் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் காட்ட வேண்டும். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பதினாறு கிலோ, பதினெட்டு, இருபது என்று ஏறும். எட்டாவிட்டால் அரைப் பேர். மிஞ்சினால் மிஞ்சிய கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. கூடைக்கும் சாக்குக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று சில கிலோவைக் கழித்துவிடுகிறார்கள் என்பது தொழிலாளரின் நெடுநாளைய முறையீடு.

இருள் பிரியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்களம் சேர்ந்து, அங்கிருந்து ஒதுக்கப்பட்ட மலைக்கு ஏறி, தன் நிரையில் நிற்கும் வரை அவளுக்குக் கூலி மணிக்கூடு ஓடவில்லை. நிறுவைக்காகக் கொழுந்தைச் சுமந்து இறங்கி வரிசையில் நிற்கும் நேரத்திலும் தராசின் முள் அசைவதில்லை. வறட்சியில் கொழுந்து குன்றினால், மழையில் மலை வழுக்கினால், நேரம் அதேதான், நிறை குறைகிறது, பேர் பாதியாகிறது. வானம் செய்த குற்றத்துக்கு அவள் தண்டம் கட்டுகிறாள். விமானம் நகரும் வரை கூலி இல்லை என்பதற்கும், தராசு நிறையும் வரை கூலி இல்லை என்பதற்கும் இடையே வேறுபாடு என்ன? இரண்டிலும் முதலாளி வாங்குவது முழு நாள். விலை கொடுப்பது தான் எண்ணிக்கொண்ட பகுதிக்கு.

சம்பள ஒப்பந்தங்களையும் ஓர் இலக்கிய விமரிசகன் வாசிக்கும் முறையில் வாசித்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபா கேட்ட தொழிலாளருக்கு 2016 ஒக்டோபரில் 730 ரூபா கிடைத்தது என்று செய்தி வந்தது. உண்மையில் அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. மிகுதியில் 140 ரூபா உற்பத்தி ஊக்குவிப்பு. 60 ரூபா வருகைக் கொடுப்பனவு. 30 ரூபா விலைப் பங்கு. விதித்த நிறையை எட்டினால் ஒன்று, வேலை வழங்கிய நாட்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வந்தால் மற்றொன்று. சேமலாப நிதியும் 500 ரூபாவின் மேல்தான் கணக்கிடப்பட்டது. 730 என்பது தலைப்பு. ‘ஆல்’ விகுதியில் முடியும் நிபந்தனைகளே கதை. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆயிற்று. விலைப் பங்கு 50. ஊக்குவிப்பும் வருகைப் பணமும் நீக்கப்பட்டன. 2021இல் சம்பளச் சபையின் வழியே ஆயிரம் ரூபா சட்டமானபோது, பல தோட்டங்களில் விதிக்கும் நிறை உயர்த்தப்பட்டது என்றும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டன என்றும் தொழிலாளர் முறையிட்டனர். 2024இல் 1700 ரூபா என்ற அறிவிப்பு நீதிமன்றத்தில் தடைப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பரில் 1350 ரூபா நிலைபெற்றது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், இதனை 1550 ஆக்கி, அரசாங்கமே 200 ரூபா வருகைக் கொடுப்பனவு சேர்த்து, 1750 ஆக்குவதாக அறிவித்தது. மீண்டும் வருகைக் கொடுப்பனவு! நாட்கூலி உயர்கிறது; ஆனால் ஒரு நாள் என்றால் என்ன, அதை முழு நாள் என்று தீர்ப்பவன் யார் என்ற கேள்வி இன்னும் தராசடியிலேயே கிடக்கிறது.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தேயிலைத் தோட்டத்தை நவீனத் தமிழ்ப் புனைகதைக்குள் கொணர்ந்த முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. மருதியின் துயரத்தைப் படித்த எவரும் மறக்க முடியாது. எனினும் அக்கதையில் தோட்டம் ஒரு நரகம். நரகத்துக்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. அங்கு கொடியவர்கள் இருக்கிறார்கள். கொடியவர் இல்லாத நாளிலும் சுரண்டலை நடத்தவல்ல முறை ஒன்று இருப்பது நம் பார்வைக்கு முழுமையாக வருவதில்லை. நல்ல துரை, நல்ல கணக்கப்பிள்ளை, நல்ல கங்காணி மூவரும் சேர்ந்தாலும் அரைப் பேர் அரைப் பேர்தான் என்பதை அக்கதையிலிருந்து நாம் அறிய முடியாது.

தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்றவரும், தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை, மலையகத்தின் உள்ளிருந்தே எழுதினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘இன் சிலோன்ஸ் ரீ கார்டன்’ தேயிலைத் தோட்டத்தின் வாழ்வையே பாடுபொருளாகக் கொண்டது. அனுதாபத்தோடு வந்து பார்த்துச் சென்றவரின் பார்வை அன்று. உடன் வாழ்ந்தவரின் பார்வை. இந்த வேறுபாடு பெரிது. என். எஸ். எம். இராமையா தம் புகழ்பெற்ற கதைக்கு ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்று பெயரிட்டபோது, இன்னும் ஓர் அடி முன்வைத்தார் என்பது நம் கருத்து. அத்தலைப்பு ஓர் அளவு. கண்ணீரையோ மலையழகையோ அன்றி, மடுவத்தில் நிறுக்கப்படும் பொருளையே கதையின் பெயராக்கத் துணிந்தவர், தொழிலாளியின் மானம் எங்கே நிறுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர். தெளிவத்தை ஜோசப் போன்றோர் லயத்து வாழ்வின் உள்முகங்களைக் காட்டினார்கள். இவையெல்லாம் நமக்குச் செல்வங்கள்.

ஆனால் இவர்களுக்குப் பின் பெருகிய எழுத்தில் பெரும்பகுதியைப் பார்க்கும்போது குறை கூறாதிருக்க முடியவில்லை. அட்டை கடிக்கிறது, பனி கொட்டுகிறது, தாய் இருமுகிறாள், லயத்துக் கூரை ஒழுகுகிறது. கவிஞர் உருகுகிறார். உருகட்டும். ஆனால் அந்தத் தாய் நேற்று எத்தனை கிலோ நிறுத்தாள், எத்தனை கிலோ கழிந்தது, அவள் பேர் முழுதாக விழுந்ததா என்று அவருக்குத் தெரியுமா? தெரியாத இடத்தில் உவமை வந்து அமர்ந்துகொள்கிறது. இரக்கத்தைப் பெறும் உழைப்பாளி நியாயத்தைப் பெறுவதில்லை. இரக்கம் கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. நியாயம் கணக்கைப் பொறுத்தது. இக்குறையில் விமரிசகர்களாகிய நமக்கும் பங்குண்டு. சோகம் மிகுந்த படைப்பை மண்வாசனை மிகுந்த படைப்பென்று பாராட்டிப் பழக்கியவர்கள் நாமே.

“இலக்கியம் கணக்குப்பிள்ளை வேலை அன்று” என்று சிலர் மறுப்பர். மெய்தான். வெறும் எண்களை அடுக்குவது கலையாகாது. ஆனால், பதினேழு கிலோவில் தராசு நிற்க, பதினெட்டாவது கிலோவுக்காக மூச்சடக்கி முள்ளை நோக்கும் ஒரு பெண்ணின் கண்ணில் அந்த எண் வெறும் எண்ணா? அவளுடைய மறுநாள் அடுப்பு அதில் இருக்கிறது. எண்ணை அவ்விடத்தில் காண்பவனே கலைஞன். அதைக் காணாது முகிலைப் பார்ப்பவன் பயணி.

விமானப் பணிப்பெண்ணும் கொழுந்து கொய்பவளும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2003 வரை அச்சிக்கல் முற்றாகத் தீராதிருந்த மக்களின் வரலாறு வேறு. வேலை போனால் குடியிருக்கும் லயமும் கேள்விக்குள்ளாகும் நிலை வேறு. ஒருத்தியின் வேலைநிறுத்தத்தால் உலகின் விமான நிலையங்கள் தவிக்கின்றன; மற்றொருத்தியின் போராட்டம் அட்டன் நகரைத் தாண்டிக் கேட்பதே அரிது. ஆனால் இருவர் உழைப்பையும் ‘பெண்ணுக்கு இயல்பாக வருவது’ என்று சொல்லியே விலை குறைத்தார்கள். ஒருத்திக்குப் புன்னகை இயல்பாம்; மற்றவளுக்கு விரல் நளினம் இயல்பாம். அந்த நளின விரல்களுக்கு ஆண் கூலிக்குச் சமமான கூலி கிடைக்க 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. இயல்பாக வந்தது அன்று, நின்று பெற்றது.

இதனைப் படிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். தோட்டத்துப் பாடசாலைகளில் ‘மலைநாட்டின் எழில்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். ஒரு முறை, ‘என் தாயின் ஒரு நாள்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுந்த நேரம், மலைக்குச் சென்ற நேரம், ஒவ்வொரு நிறுவையிலும் கண்ட நிறை, கழித்த நிறை, விழுந்த பேர் என யாவும் அதில் இருக்கட்டும். அடைமொழி ஒன்றும் வேண்டாம். அக்கொப்பிகளைத் திருத்த அமரும் ஆசிரியர், பிழையைத் திருத்த வேண்டிய இடம் அந்தப் பிள்ளையின் எழுத்தில் இல்லை என்பதை உணர்வார். அவ்வுணர்விலிருந்து பிறக்கும் இலக்கியத்துக்காகவே நாம் காத்திருக்கிறோம்.