தலைக்கட்டும் மழைக்கோட்டும்

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்களுக்கென்று தைத்து விற்கப்படும் உடுப்பை ஒரு பிரதியாக வாசிக்க முடியும். கவிதையையும் சினிமாவையும் விளம்பரத்தையும் நாம் வாசிப்பதில்லையா, அதுபோலத்தான். எந்த உடலுக்கு, எந்தக் குளிருக்கு, எந்த வேலைக்கு என்று தைத்தவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொரு தையலிலும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வண்டியில் போய்வருகிறவள் நான். அதனால் எனக்கு இப்படியொரு உடுப்பு தேவைப்பட்டது. கடைகளில் தேடிய நாட்களில் அந்த உடுப்பு யாரை மனிதர் என்று எண்ணுகிறது என்ற கேள்வி எழுந்தது. பழவேற்காட்டின் பெண்களை வைத்து அதற்குப் பதில் தேடுவதே இந்தக் கட்டுரை.

முதலில் உடுப்பின் கட்டுமானம். வெளியே சாலையில் உரசினாலும் சட்டெனக் கிழியாத தடித்த நைலான் துணி. தோள், முழங்கை, முதுகு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் அடியைத் தாங்கும் பட்டைகள். உள்ளே தண்ணீரை விடாத ஒரு மெல்லிய படலம். அதற்கும் உள்ளே கழற்றி மாட்டக்கூடிய கம்பளம் போன்ற ஓர் அடுக்கு. உரசலையும் கிழிசலையும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்து ஏ, ஏஏ, ஏஏஏ எனத் தரம் பிரிக்கும் ஐரோப்பிய விதிமுறை 2020இல் வந்தது. நம் நாட்டில் தலைக்கவசத்துக்குச் சட்டம் உண்டு, முத்திரை உண்டு. ஓட்டுகிறவரின் உடுப்புக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. கழுத்துக்குக் கீழே உள்ள உடல் அவரவர் பணப்பையின் பொறுப்பு.

இந்த உடுப்பின் பெருமையெல்லாம் அந்த நடுப்படலத்தில்தான். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் ஒருவகை பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நீட்டி, நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் கொண்ட படலத்தைக் கண்டுபிடித்தார். மழை உள்ளே வராது, வேர்வை வெளியே போகும். ஆனால் வேர்வை வெளியே போவதற்கு உடுப்பின் உள்ளே ஈரமும் சூடும் மிகுந்தும், வெளியே குறைந்தும் இருக்க வேண்டும். குளிர்ந்த மலைப்பாதையில் அது நடக்கும். ஏரியும் கடலும் மழையும் ஒன்றாக மூச்சுவிடும் பழவேற்காட்டில் வெளிக்காற்றே ஈரத்தால் கனத்திருக்கும். ஆவி எங்கே போகும்? ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், அந்த ‘எல்லா’வுக்குள் வங்கக்கடற்கரையின் வடகிழக்குப் பருவமழை சேராது. இந்த உடுப்பின் மனதில் இருப்பது லடாக். திருவொற்றியூரில் 1956 முதல் புல்லட் வண்டி செய்யப்பட்ட வட சென்னையைத் தாண்டித்தான் ஏரிக்குப் போகிறோம். ஆனாலும் மோட்டார் சைக்கிள் என்றதும் நமக்குக் காட்டப்படும் நிலம் பனிமலையாகவே இருக்கிறது.

அடுத்து, உடல். பெண்களுக்கானது என்று தொங்கவிட்டிருந்தவற்றில் பல, ஆண் அளவைச் சிறிதாக்கி, விளிம்பில் ஒரு நிறத்தைச் சேர்த்தவை. தோள் பொருந்தினால் மார்பு இறுக்குகிறது, இடுப்பு பொருந்தினால் முழங்கால் பட்டை கெண்டைக்காலுக்கு இறங்கிவிடுகிறது. இடம் தவறிய பட்டை விழும்போது உதவாது. மேலும் கீழும் ஒன்றாக இணைந்த உடுப்பில் சிறுநீர் கழிக்க வேண்டுமானால் கழுத்திலிருந்து மொத்தத்தையும் உரிக்க வேண்டும். சாலையோரம் நின்றே வேலையை முடித்துக்கொள்ளும் உடலுக்காக வரையப்பட்ட வடிவம் அது. மாதவிலக்கு நாளில் ஒரு பெண் அறுபது கிலோமீட்டர் ஓட்டக்கூடும் என்று அதை வரைந்தவர் நினைத்திருக்க மாட்டார்.

உடை என்பது வெறும் வசதிப் பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை. 1916இல் அகஸ்டா, அடெலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் தலைக்கொரு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார்கள். போரில் செய்தி கொண்டுசெல்லும் வேலைக்குப் பெண்களும் தகுதியானவர்களே என்று நிரூபிப்பது அவர்கள் நோக்கம். வழியில் சிற்றூர்களில் அவர்களைக் கைது செய்தார்கள். வண்டி ஓட்டியது குற்றமாகவில்லை, தோல் கால்சட்டை போட்டிருந்ததுதான் குற்றம். பாதை திறந்திருந்தது, உடை மறித்தது.

இனி ஏரிக்கு வருவோம். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம் என்பதால் வலையும் படகும் இல்லாதவர்களும் இறங்கலாம். இங்கும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தும் தவழ்ந்தும் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடப் பனையோலையில் முடைந்த பறி. அந்தப் பறியை அவர்கள் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில், இடுப்பு தண்ணீருக்கடியில். பறியை மாட்ட உடலில் வேறு இடம் எது? பயண உடுப்பில் பை எத்தனை என்று பெருமையாக எண்ணிக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு தொழிலின் ஒரே பை பெண்ணின் வாய்.

அவர்கள் உடுத்துவது என்ன? சேலை, அல்லது நைட்டி. அதன்மேல் வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை. களையெடுக்கும் பெண்ணும், சித்தாள் வேலை செய்யும் பெண்ணும், மீன் விற்கும் பெண்ணும் போடுவது அதையேதான். தமிழ்நாட்டில் உழைக்கும் பெண்ணுக்கென்று யாரும் உடை வடிவமைக்கவில்லை. ஆண் கழித்ததை அவளே சீருடையாக்கிக்கொண்டாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் மாட்டும் கொங்காணியும் அப்படிப்பட்ட கண்டுபிடிப்பே. இப்போது சாக்கின் இடத்தில் பிளாஸ்டிக் பை.

‘இங்கே என்ன குளிர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழி விடியலில் சென்னைக்கு வடக்கே இருபது டிகிரிக்குச் சற்று மேலே இருக்கலாம். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடலின் சூட்டை இழுக்கும். கரையேறினால் ஈரத்துணி காற்றில் காயும்போது மேலும் சூட்டைப் பறிக்கும். மணிக்கணக்கில் நீரில் கிடந்துவிட்டு வருகிறவளின் நடுக்கத்தை வானிலை அறிக்கை சொல்லாது. குளிர் என்பதை உயரமான மலைக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால், ஏரியில் நடுங்குகிறவளின் குளிர் பெயரற்றுப் போகிறது. பெயர் இல்லாத துன்பத்துக்கு யாரும் உடுப்பு தைப்பதில்லை.

துணி அறியாத ஊர் அல்ல இது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலத்தின் சாயத்துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஏற்றியதில் இந்தத் துறைமுகத்துக்குப் பெரும் பங்கு. இன்றும் மலாய் மொழியில் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடுதான். கடல் கடந்த ஓர் ஆணுடைக்குத் தன் பெயரையே கொடுத்த ஊரில், தண்ணீரில் இறங்கும் பெண்ணுக்கு ஓர் உடை உருவாகவில்லை. காரணம் துணிப் பஞ்சமல்ல. அவள் செய்வது தொழில் என்று கணக்கிடப்படவில்லை என்பதே காரணம்.

யாரைக் கணக்கிடுகிறார்கள்? ஏரியின் வலைத்தளங்களைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இங்கே தலைமுறைகளாக உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் அதில் பேர்பெற்றவை. எல்லோரும் எல்லா இடத்திலும் மோதிக்கொள்ளாமல் ஏரியைக் காத்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் அதைப் பாராட்டுவார்கள். பாராட்டு நியாயமானது. ஆனால் பாட்டில் பங்கு பெறுவது அந்தச் சாதியின் ஆண். ஊர் வரி கட்டுகிற, ஊர்க்கூட்டத்தில் பேசுகிற அலகுக்குப் பெயர் ‘தலைக்கட்டு’. தலைக்கட்டு என்றால் தலைப்பாகையும்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளும் உடலே உறுப்பினர். முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளும் உடல் அந்த உறுப்பினரின் வீட்டைச் சேர்ந்தது. இருளர் பெண்ணோ அந்த வீட்டுக்கும் வெளியே. ஆடை இங்கே வெறும் உவமையல்ல. உரிமையின் பெயரே ஆடையில்தான் இருக்கிறது.

நாட்டின் வண்டிச் சட்டத்திலும் இதே வகுப்புப் பிரிவினை தெரிகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருகிறவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. பட்டறையில் அதன் பெயர் ‘சாரி கார்டு’. நல்ல விதி, பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் பெண்ணின் ஆடையைச் சட்டம் நினைத்துப் பார்த்த இடம் பின்னிருக்கை என்பதைக் கவனியுங்கள். மழை நாளில் பழவேற்காட்டுச் சாலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் போகும் குடும்பங்களைப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு மழைக்கோட்டு. பின்னால் ஒருக்களித்து, மடியில் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருப்பவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். வீட்டுக்கு ஒரே மழைக்கோட்டு என்றால் அது யாருக்கு என்பதை யாரும் விவாதிப்பதில்லை.

அவளே ஓட்டினால்? 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று மானியம் தரத் தொடங்கியது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டும் பெரிய மாற்றங்கள். ஆனால் அதே 2021 டிசம்பரில், குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பயணச்சீட்டு தடையாக இல்லாதபோது உடையில் ஊறிய வேலை தடையாகிறது. மீன்காரப் பெண்ணுக்குச் சொந்த வண்டி ஆடம்பரமல்ல என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

தமிழ் சினிமாவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் நாயகன் தோல் மேலங்கி போட்டு மோட்டார் சைக்கிளில் வருவான், உடல் மூடியிருப்பது வீரம். மழை வந்தால் நாயகி சேலையோடு நனைவாள், உடல் தெரிவது அழகு. நனையாத ஆணும் நனைந்த பெண்ணும் நம் கண்ணில் அத்தனை இயல்பாகிவிட்டார்கள். இறால் பிடிக்கும் பெண்ணின் ஈரச்சேலையை ‘அழகான படம்’ என்று பகிர்கிறவர்களின் கண்ணும் அங்கே பழகியதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஓர் உடுப்பை வாங்கத்தான் வேண்டியிருந்தது. நம் கரைக்கு எது பொருந்தும் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மேலங்கியும் கால்சட்டையும் தனித்தனியாக இருக்கட்டும். காற்றுப் புகும் வலைத்துணியில் பட்டைகள் வைத்த உடுப்பு ஒன்று. அதற்குமேல், மழை வந்தால் மாட்டிக்கொள்ளும் மெல்லிய மழையுடுப்பு ஒன்று, தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியது. நீர்ப்படலம் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உடுப்பில் வெளித்துணி முழுக்க நனைந்து கனத்து, காற்றில் சில்லிடும். நமக்கு வேண்டிய கதகதப்பு தடித்த கம்பளத்தில் இல்லை. நனையாமலும் காற்று அறையாமலும் இருந்தாலே போதும். கடையில் நின்றபடி அளவு பார்க்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, முழங்காலை மடித்து, பட்டை எங்கே நிற்கிறதென்று பாருங்கள். சல்வாருக்குமேல் போட முடிகிறதா, துப்பட்டா முழுதும் உள்ளே அடங்குகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் உலோக ஜிப் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் பல் நல்லது. இருட்டில் மின்னும் பட்டை முதுகில் இருக்கட்டும். இது என் பட்டியல், சம்பளம் வாங்கும் ஒருத்தியின் பட்டியல்.

ஏரியில் இறங்கும் பெண்ணுக்கும் இப்படியொரு உடுப்பைக் கொடுத்துவிட்டால் தீருமா? ஒரு விழா, ஒரு மேடை, ஆளுக்கொரு பொட்டலம் என்று அது முடிந்துபோகும். கொடுக்கப்படும் உடை, தலைக்கட்டு ஆகாது. மீன்பிடிப்பவர் என்ற கணக்கில் அவள் பெயர் ஏற வேண்டும், ஏரியைப் பற்றிய பேச்சில் அவளுக்கு இடம் வேண்டும். அப்போது என்ன உடை வேண்டும் என்று அவளே சொல்வாள். அது நாம் நினைப்பதைப்போல இல்லாமலும் போகலாம். ஒருவேளை, பறியை மாட்ட இடுப்பில் ஒரு கொக்கி வைத்த கால்சட்டையைக் கேட்பாள். ஒருவேளை உடையே வேண்டாம், கரையில் கதவுள்ள ஓர் அறையும் நல்ல தண்ணீரும் போதும் என்பாள்.

ஆகவே, ஒரு நிறுவனமோ திட்டமோ ‘பெண்களுக்கானது’ என்று எதையாவது முன்னால் வைக்கும்போது நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். எந்தப் பெண்ணை அளவெடுத்தீர்கள்? அவள் எந்த வேலையில் இருந்தாள்? சிறுநீர் கழிக்க எத்தனை முடிச்சு அவிழ்க்க வேண்டும்? ஒற்றை அறை வீட்டில், அடைமழையில், நாளை விடியலுக்குள் இதை அவள் எங்கே காயவைப்பாள்?