நான்கு பேர் அறையும் ஆறு மாதக் கூட்டமும்

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்குள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சிவகாசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லும் விதி இது. அறை வெடித்தால் சாவு நான்கோடு நிற்கட்டும் என்ற கொடிய கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் வெம்பக்கோட்டையிலோ சாத்தூரிலோ விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் திரும்பத் திரும்ப அதே வரிகள்: அறையில் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது.

விதி இருக்கிறது, உரிமம் இருக்கிறது, சோதனை செய்ய அதிகாரிகளும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் விதி ஏன் அறைவாசலோடு நின்றுவிடுகிறது? சட்டத்தில் முனைவர் பட்டம் செய்ய வருபவருக்கு விருதுநகர் மாவட்டம் தரும் கேள்வி இது. இந்தக் கேள்வியைத் தாங்கும் அளவுக்கு நம் பயிற்சியும் வழிகாட்டலும் அவரைத் தயார் செய்கின்றனவா என்பதே இங்கே என் கவலை.

குறை சொல்லும் முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் ஆய்வாளரின் தலையெழுத்து கைடின் மனநிலையைப் பொறுத்தே இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-லும் 2016-லும் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் அந்த நிலையைப் படிப்படியாக மாற்றின. 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறை இன்னும் தெளிவானது. படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் இல்லை. பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். குறைந்தது 12 கிரெடிட் பாடப்பயிற்சி உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் வேலையை எடுத்துவைக்க வேண்டும். பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. ஆய்வாளர் தனி ஒருவரின் கருணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை எழுத்தில் கொண்டுவந்தது பெரிய காரியம்.

சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் நுணுகிப் படிக்கும் பழக்கம் நம் மரபின் இன்னொரு பலம். அதைக் குறைத்து மதிப்பிடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். தீயைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஊழியருக்குத்தான் பொருந்தியது. காப்பாற்ற ஓடிவந்தவரின் குடும்பம் 1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. இவற்றோடு உள்குத்தகையும் சேர்ந்துகொண்டால், பொறுப்பு உரிமம் வைத்திருப்பவருக்கா, குத்தகை எடுத்து நடத்துபவருக்கா என்ற சிக்கல் வேறு. ஒரே தீயில் கருகிய இரண்டு பேரைச் சட்டம் இரண்டு வாசல்களுக்கு அனுப்புகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கள ஆய்வு மட்டும் போதாது. பிரிவுக்குப் பிரிவு நிறுத்திப் படிக்கும் சட்டக் கண் வேண்டும். அந்தக் கண்ணை நம் துறைகள் நன்றாகவே பழக்குகின்றன.

குறை அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. முதலாவது, மொழி. பட்டாசு வட்டாரத்தில் ஆலைகளை ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்றுதான் பிரித்துச் சொல்வார்கள். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தின் பெயரே ஆலையின் தகுதியாகிவிட்டது. எவ்வளவு மருந்து வைக்கலாம், என்ன ரகம் தயாரிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். “டி.ஆர்.ஓ. லைசென்ஸ்தான் சார், ஆனா பேன்சி ரகம் ஓட்டுனாங்க” என்று ஒரு தொழிலாளி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழு விதிமீறல் இருக்கிறது. 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகளை மட்டும் கரைத்துக் குடித்த ஆய்வாளர் இதைக் கேட்டும் கேளாமல் கடந்துவிடுவார். ஆய்வேடு ஆங்கிலத்தில், வாக்குமூலம் கரிசல்காட்டுத் தமிழில். இரண்டுக்கும் இடையே பாலம் போடும் பயிற்சி பாடப்பயிற்சியில் எந்த இடத்தில் வருகிறது?

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. விபத்தில் கணவரை இழந்த பெண் மஞ்சள் பையைத் திறந்து, முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்புகிறார். ஆய்வாளர் கேட்கிறார்: “அன்னைக்கு ரூமுக்குள்ள எத்தனை பேரும்மா இருந்தாங்க?” அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய மகள் இன்றும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறாள். ‘எட்டு பேர்’ என்று சொன்னால் அது எந்த வழக்கில், யார் கையில் போய்ச் சேரும்? வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொல்வதற்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தை நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டியதுதான்.

இந்த ஆபத்தைத் திண்ணையில் உட்காரும் முன்பே அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆய்வு, வெளியீட்டு அறநெறி என்று 30 மணி நேரப் பாடம் ஒன்று கட்டாயமாக இருக்கிறது. அது பெரும்பாலும் கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் கணக்கு பற்றிப் பேசுகிறது. ஆய்வாளர் அடுத்தவர் எழுத்தைத் திருடாமல் இருக்க நாம் எடுக்கும் அக்கறையில் பாதியாவது, நம்மை நம்பிப் பேசியவர் வேலை இழக்காமல் இருக்க எடுக்க வேண்டாமா?

மூன்றாவது, காலக்கணக்கு. ஆலோசனைக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. பட்டாசுத் தொழிலுக்கு வேறு நாட்காட்டி. ஆடிப்பெருக்கில் கடைகளில் பூஜை போட்டு விற்பனை தொடங்கிவிட்டால் தீபாவளி வரை யாருக்கும் நின்று பேச நேரம் இல்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் நிதானமாகப் பேச முடியும். வெடிபொருளுக்கு வெயில் பகை. கோடை இங்கே பயத்தின் காலம். வெளியிலிருந்து தீர்ப்பு வந்தால் இந்த நாட்காட்டியும் குலைந்துவிடும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் ‘இரண்டாம் ஆண்டு – தரவு சேகரிப்பு’ என்று ஒரே வரியில் எழுதும் ஆய்வுத் திட்டம் முதல் பயணத்திலேயே நொறுங்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சட்ட ஆய்வாளர் சமூகவியலாளர் ஆக வேண்டியதில்லை; மூன்று ஆண்டில் ஒரு தலைப்பை ஒழுங்காக முடிப்பதே பெரிது; களம் களம் என்று அலைந்தால் ஆய்வேடு பாதியில் நின்றுவிடும் என்பார்கள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. எல்லாச் சட்டத் தலைப்புக்கும் களம் தேவையில்லை. ஆனால் சிவகாசியைப் பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1991-ல் இங்கே நடந்த பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா ஆகியோர் கொண்ட குழுவை அமைத்து அறிக்கை கேட்டது. 1996 டிசம்பர் 10 அன்று, குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே தன் முன் இருந்த காகிதங்கள் போதா என்று கருதியது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மட்டும் அவை எப்படிப் போதும்? அந்த 20,000 ரூபாய் எத்தனை பேரிடம் வசூலானது, எந்தக் குழந்தை பள்ளிக்குப் போனது என்பதற்குத் தீர்ப்புத் திரட்டில் விடை கிடைக்காது.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் சேர்ந்த தொடக்க மாதங்களிலேயே பயிற்சிக்கும் வழிகாட்டலுக்கும் ஒரு திட்டம் எழுதி, அவரும் மேற்பார்வையாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். என்ன பயிற்சி, எப்போது, யார் வழிகாட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே பெரும்பாலான ஆய்வாளர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அந்த வசதி நம்மிடம் இல்லை. ஆனாலும் இப்படி ஒரு தாளை எழுதிக் கையெழுத்திடப் பெரிய பணம் தேவையில்லை. இருக்கிற 2022 ஒழுங்குமுறையே இதற்கு இடம் தருகிறது. பிற துறையிலிருந்தும் பிற நிறுவனத்திலிருந்தும் இணை வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம். பட்டாசு ஆலைகளைப் பற்றிய சட்ட ஆய்வுக்குத் தொழிலகப் பாதுகாப்போ சமூகப்பணியோ கற்பிக்கும் ஆசிரியர் இணையட்டும். 12 கிரெடிட்டில் ஒரு பங்கு, நேர்காணல் எடுப்பதற்கும், எடுத்ததைப் பாதுகாப்பதற்கும், பேச்சுத்தமிழை ஆங்கிலத்துக்கு நேர்மையாகக் கொண்டுபோவதற்கும் ஒதுங்கட்டும். முதல் பருவம் முடியும் முன் வழிகாட்டியும் ஆய்வாளரும் ஒருமுறையாவது ஒன்றாக ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்கும் ஒரு தொழிலாளர் கிராமத்துக்கும் போய் வரட்டும். பயிற்சித் திட்டம் அங்கிருந்து திரும்பிவந்த பிறகு எழுதப்படட்டும்.

இவை எல்லாம் உயிர் பெறுவது ஆலோசனைக் குழுக் கூட்டத்தில்தான். கால் மணி நேரம், பத்து ஸ்லைடு, ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்ற வரி, கையெழுத்து என்று பல கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆலைப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் எழுதியிருப்பது நான்கு பேர்தான். ‘உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள்?’ என்று கேட்கத் துணியும் ஆய்வாளரை உருவாக்க நினைத்தால், அவருக்கு நம் அறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதை முதலில் நாம் எழுதியாக வேண்டும்: எத்தனை முறை சந்தித்தோம், எந்த அத்தியாயத்தைப் படித்தோம், எங்கே அவரைத் தனியே விட்டோம். எழுத்தில் இருப்பதும் நடப்பதும் ஒன்றாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவர் முதன்முதலில் நம்மிடம்தான் பார்க்க வேண்டும்.