வைஃபை வரவில்லையா? முதலில் சிப்பின் எண்ணைப் பாருங்கள்

தங்கை மகளின் பழைய மடிக்கணினியில் டெபியன் 12 போட்டுக் கொடுத்தேன். ஆடியோ, புளூடூத், டச்பேட் எல்லாம் முதல் தடவையிலேயே ஓடின. வைஃபை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு நெட்வொர்க்கின் பெயர்கூடத் தெரியவில்லை. "மாமா, இதுல நெட்டே வராதா?" என்றாள்.

இந்த இடத்தில் பலரும் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த கட்டளைகளை எல்லாம் அடித்துப் பார்ப்பார்கள். வேண்டாம். ஒரே மாடலுக்குள் வேறு வேறு நிறுவனங்களின் சிப்புகள் இருப்பது சகஜம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஒரு சிறுகோடும் என்என்கே என்ற எழுத்துகளும் சேர்த்து அடியுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில், சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு இலக்கமாக இரண்டு எண்கள் நிற்கும். முன்னது தயாரிப்பாளர், பின்னது சிப். அதன் கீழே, எந்த டிரைவர் கார்டைப் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி வர வேண்டும். எங்களுக்கு அந்த வரியே இல்லை. கார்டு பழுதில்லை, கெர்னலின் கண்ணுக்கும் தெரிகிறது, ஓட்டத்தான் ஆளில்லை.

டிரைவர் வரி இருந்தும் நெட் வராவிட்டால், டிமெசேஜ் கட்டளையில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற புகார் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஆர்எஃப்கில் கட்டளை. ஏரோப்ளேன் மோட் பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கும்.

மூடிய ஃபர்ம்வேரையும் நிறுவும் கோப்பிலேயே சேர்த்து 2023 ஜூனில் டெபியன் 12 வெளியானது பெரிய நிம்மதி. ஆனால் எங்கள் சிப்புக்கு டிரைவரே மூடியது, கெர்னலுக்கு வெளியே இருப்பது. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கெர்னலுக்கேற்ப டிரைவரைக் கட்டும் கருவியான டிகேஎம்எஸ் அதைக் கட்டி முடித்தது. செக்யூர் பூட் அதை உள்ளே விடவில்லை. கையொப்பச் சாவியைப் பதிந்து, ரீஸ்டார்ட் செய்து, நீலத்திரையில் கடவுச்சொல் கொடுத்த பிறகுதான் வைஃபை வந்தது.

மூன்று வாரம் கழித்து கெர்னல் அப்டேட் வந்தது, வைஃபை போயிற்று. அன்றிருந்த கெர்னலுக்கான ஹெடர்களை மட்டும் நான் போட்டிருந்தேன். புதிய கெர்னலுக்கு டிரைவரைக் கட்ட டிகேஎம்எஸ்ஸிடம் எதுவும் இல்லை. பதிப்பு எண் இல்லாத பொது ஹெடர் பேக்கேஜைப் போட்டதும் சரியானது. ஆனாலும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நெஞ்சு படபடக்கும் கணினியை ஒரு மாணவியின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கினேன். இதன் டிரைவர் 2010 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபர்ம்வேரின் மூலநிரலும் 2013இல் திறந்துவிடப்பட்டது. செருகினேன். மூச்சு விடுவதற்குள் நெட்வொர்க் பட்டியல் விரிந்தது. ஒரு கட்டளைகூட அடிக்கவில்லை.

குறை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிடையாது. காகிதத்தில் நொடிக்கு 150 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் கீழே. அடுக்குமாடியில், சுற்றிலும் ரூட்டர்கள் இரையும் மாலை நேரத்தில் வீடியோ திணறும். பெரிய கோப்புகளை இறக்குபவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். பாடம் படிக்க, பிடிஎஃப் இறக்க, வகுப்பு பார்க்கத் தாராளம்.

போன வாரம் மறுபடி கெர்னல் அப்டேட். அவளையே செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரீஸ்டார்ட் ஆகித் திரை வந்ததும் மூலையைப் பார்த்தாள். "வந்துருச்சு மாமா."