குரோம்காஸ்ட், பழைய லேப்டாப், அக்கா கல்யாண வீடியோ

அக்கா கல்யாண வீடியோவை டிவியில் போட்டால் லேப்டாப் ஃபேன் போடும் இரைச்சலில் நாதஸ்வரம் கேட்கவில்லை. அம்மா இரண்டு முறை சத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரியே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. டிவி, ரவுட்டர், லேப்டாப் மூன்றும் ஒரே அலமாரியில்தான் இருக்க முடியும். இரைச்சலை இன்னொரு அறைக்குத் தள்ள இன்னொரு அறை கிடையாது. டிவி பழசு, ஸ்மார்ட் இல்லை. அதன் எச்டிஎம்ஐ துளையில் 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை குரோம்காஸ்ட். லேப்டாப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, நான்காம் தலைமுறை ஐ5. அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் ஓடுகிறது. வீட்டு வீடியோக்கள், வட்டுகளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான்.

காஸ்ட் பட்டனை அழுத்தினால் வீடியோ போனிலிருந்து போவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஜெல்லிஃபின் மாதிரியான ஆப்பில் போன் வெறும் ரிமோட்தான். குரோம்காஸ்ட் நேராகச் சர்வரிடம் போய் ஃபைலை வாங்கிக்கொள்கிறது. அந்த ஃபைல் தனக்குப் புரியும் வடிவத்தில் இருந்தால் அப்படியே ஓட்டும்; இது டைரக்ட் பிளே. உள்ளிருக்கும் படம் புரியும், மேலுறை மட்டும் சரியில்லை என்றால் சர்வர் உறையை மாற்றிக் கொடுக்கும். அதற்குப் பெரிய உழைப்பு வேண்டாம். படமே புரியாது என்று சர்வர் முடிவு செய்துவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து மறுபடி சுருக்கி அனுப்பும். அதுதான் ட்ரான்ஸ்கோட். உருக்கி வார்த்து முடித்த தங்கக் கட்டியைத் திரும்ப மில்லுக்கு அனுப்பி அரைப்பதுபோல: உழைப்பும் வீண், சேதாரமும் உண்டு. ஜெல்லிஃபின் இந்த வேலையை முழு வேகத்தில் முன்கூட்டியே செய்து வைக்கப் பார்க்கும். அதனால்தான் படம் ஆரம்பித்த நிமிஷத்திலிருந்தே ஃபேன் அலறுகிறது.

என் மூன்றாம் தலைமுறை குரோம்காஸ்டுக்கு எச்.264 வீடியோ 1080 வரி வரை தெரியும். புதுப் போன்களின் எச்இவிசி தெரியாது. பழைய டிவிடியின் எம்பெக்-2-வும் தெரியாது. இந்த மூன்று வரியை அட்டையில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சோதனைக்கு, தெரிந்த ஃபைல் ஒன்றை எடுத்தேன். பங்காருப்பேட்டையிலிருந்து வரும்போது ரயில் ஜன்னல் வழியாக மழையில் சயனைடு மேட்டை, அதாவது சுரங்கக் கழிவு மேட்டை, போனில் பிடித்தது. எச்.264, ஏஏசி ஒலி, எம்பி4 உறை. மூன்றும் குரோம்காஸ்டுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ட்ரான்ஸ்கோட்! சிபியு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். மேட்டின் சரிவில் மழை அரித்த கோடுகள் ஒவ்வொன்றும் போனில் தெளிவாகத் தெரியும். டிவியில் அந்த இடம் சாம்பல் குழைவாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் புது டிவைஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் கட்டத்தில் தகவல் குறியை அழுத்தினால் ஏன் ட்ரான்ஸ்கோட் செய்கிறேன் என்று சர்வரே சொல்லும். இந்த ஒரு வசதிக்காகவே ஜெல்லிஃபினை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். எனக்கு வந்த காரணம்: பிட்ரேட் வரம்பைத் தாண்டுகிறது. விஷயம் புரிந்துவிட்டது. காலையில் பெங்களூரு ரயிலில் மொபைல் டேட்டாவில் பார்ப்பதற்காக ஆப்பில் தரத்தை 3 எம்பிபிஎஸ் ஆக்கியிருந்தேன். அப்போது கைவாக்கில் கூகுள் காஸ்ட் தரத்தையும் குறைத்துவிட்டேன். மழை வீடியோவோ 18 எம்பிபிஎஸ். பிளேபேக் செட்டிங்கில் காஸ்ட் தரத்தை 40-க்கு ஏற்றினேன். சிபியு ஆறு சதவீதத்தில் வந்து நின்றது. மழைக் கோடுகள் திரும்பி வந்தன. இந்த செட்டிங் ஒவ்வொரு போனிலும் தனித்தனி என்பதை மறக்கக் கூடாது. என் போனில் சரிசெய்தது தம்பி போனில் சரியாகாது.

அடுத்தது சப்டைட்டில். வட்டிலிருந்து எடுத்த படத்தில் எழுத்து, எழுத்தாக இருக்காது. சின்னச் சின்னப் படமாக இருக்கும். குரோம்காஸ்டுக்கு அதைக் காட்டத் தெரியாது என்பதால் சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்புகிறது. பதிக்க வேண்டுமென்றால் முழுப் படத்தையும் மறுபடி சுருக்கியாக வேண்டும். யாரும் கேட்காமலேயே சப்டைட்டில் தானாகத் தேர்வாகியிருந்தது. அணைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. வேண்டும் என்கிறவர்கள் எஸ்ஆர்டி வடிவில் தனி ஃபைலாக வைத்துக்கொள்ளலாம்.

டிடிஎஸ் ஒலி இருந்தாலும் ட்ரான்ஸ்கோட் என்றுதான் காட்டும். அதற்குப் பதற வேண்டாம். சர்வரின் எஃப்எஃப்எம்பெக் பதிவேட்டில் வீடியோவுக்கு நேராக 'காப்பி' என்று இருந்தால் படத்தைத் தொடவில்லை, ஒலியை மட்டும் மாற்றுகிறது என்று அர்த்தம். 'லிப்எக்ஸ்264' என்று இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் எங்கள் ரவுட்டர் லேப்டாப்புக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடுகிறது; காஸ்ட் அறுந்து போகிறது. ரவுட்டரில் லேப்டாப்புக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். பெயரைப் போடாமல் அந்த எண்ணையே ஆப்பில் போட்டேன். காரணம், குரோம்காஸ்ட் கூகுளின் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும். வீட்டுக்குள் நாம் வைத்த பெயர் அதற்குத் தெரியாது. டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து அதற்குக் கரண்ட் எடுப்பதையும் விட்டுவிட்டு, தனி அடாப்டரில் போட்டேன்.

கரண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் காவிரியின் மின்சாரம் முதலில் வந்தது இந்தத் தங்கவயலுக்குத்தான். அதை வைத்துத்தான் சுரங்கத்தின் சாப்டுகள் ஓடின. பிளக் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ட்ரான்ஸ்கோட் நடக்கும்போது லேப்டாப் 41 வாட் இழுக்கிறது, நேராக ஓடும்போது 14. அந்த 27 வாட்டும் யாருக்கும் பயனில்லாத சூடு. அதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசியில் கல்யாண வீடியோ. 1996-இல் விஎச்எஸ் கேசட்டில் எடுத்து, பிறகு டிவிடிக்கு மாற்றியது. எம்பெக்-2 என்பதால் குரோம்காஸ்டுக்காக மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எதற்கு? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே முறை எச்.264 ஆக்கினேன்: எம்பி4 உறை, தரம் ஆர்எஃப் 20, ஒலி ஏஏசி. டீஇன்டர்லேஸ் தேர்வைப் போடாவிட்டால் தாலி கட்டும் கை அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும், அதையும் போட்டேன். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். மூல ஃபைலை அழிக்காமல் தனி ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டேன். புதுப் போன்களில் வீடியோ எடுப்பவர்கள், கேமரா செட்டிங்கில் எச்இவிசி இருந்தால் எச்.264-க்கு மாற்றிக்கொண்டால் இந்த ராத்திரி வேலை மிச்சம்.

என் தீர்ப்பு: 1080 டிவி இருக்கிறவர்களுக்கு இந்தப் பழைய குரோம்காஸ்ட் இன்னும் தாராளமாகப் போதும். 2024-இல் கூகுள் குரோம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். எச்இவிசி ஃபைல்கள் நிறைய வைத்திருப்பவர்கள் மட்டும் அதைப் படிக்கத் தெரிந்த டிவைஸுக்கு மாறலாம். லேப்டாப்பை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்துப் போட்டேன். டைரக்ட் பிளே. ஃபேன் சத்தமே இல்லை. பந்தியில் அப்பா தோளில் துண்டோடு சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு போகிறார். பின்னால் எங்கோ நீளமாக ஒரு ஓசை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு நான் கேட்காத ஓசை. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சங்கு ஊதுது பாரு. ரெண்டாவது ஷிஃப்ட்டு."